உடைவதற்கென்றே வைத்த துண்டு

அக்காவின் மகன் போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, காசு கொஞ்சம் சேத்திட்டன். பேர்போன கொம்பனி மவுண்டன் பைக் ஒண்டு எடுக்கட்டா, இல்லாட்டி நம்மட நாட்டு லுமாலா எடுத்துப்போட்டு மிச்சக் காச வெச்சிக்கட்டா?" மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். ட்ரெக், ஸ்பெஷலைஸ்ட், ஜயன்ட், கனொன்டேல், சான்டா குரூஸ். அவனுடைய வயதில் நானும் இதே பெயர்களை மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு அவன் போய்விட்டான். கேள்வி மட்டும் போகவில்லை. பெயர்பெற்ற சைக்கிள் ஒன்றை இத்தனை வருடமாக மிதிக்கிறவன் நான். அவனுக்கு ஒரு நேர்மையான பதில் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் சைக்கிள் சுவிசிலிருந்து வந்தது. பெரியம்மாவின் மகன் அங்கே சில வருடம் ஓடியது. அவர் புதிது எடுத்தபோது பழையதைக் கழற்றி, உடுப்பு, சொக்லேட், சவர்க்காரக் கட்டிகளோடு கப்பல் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார். அலுமினியப் பிரேம், 29 அங்குலச் சக்கரம், முன்னுக்கு ஷொக், இரண்டு பக்கமும் ஒயில் டிஸ்க் பிரேக். எந்தக் கொம்பனி என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்ல வருகிற குறை அந்த ஒரு கொம்பனிக்கு மட்டும் உரியதும் அல்ல. 2021 கடைசியில் பெட்டி வந்தது. கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிளாகத்தான் கிடந்தது. 2022-ல் பெற்றோல் இல்லாமல் போன அந்த மாதங்களில் அதுவே என் வாகனம் ஆகியது. விவசாயப் போதனாசிரியர் வேலை. வயல்கள் எல்லாம் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். காலையில் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குள் இறங்கினால், தார் முடிந்து கிறவல் தொடங்கும், கிறவல் முடிந்து வட்டைக்குள் மண்பாதை தொடங்கும், அதுவும் முடிந்தால் வரம்புதான்.

அந்தச் சைக்கிள் எனக்கு என்ன செய்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. அதற்கு முன் என்னிடம் இருந்தது சாதாரண லுமாலா. கிறவலில் பத்துக் கிலோமீற்றர் போனால் இரண்டு உள்ளங்கையும் மரத்துவிடும். மழைக்குள் பிரேக் பிடித்தால் ரிம்மில் சேறு அரைபடும், சைக்கிள் தன்பாட்டில் போகும். புதியது வந்த பிறகு முதல் மாரியில், உன்னிச்சைப் பக்கம் வாய்க்கால் உடைத்து வீதி சேறாகக் கிடந்த ஒரு நாள், இறக்கத்தில் ஒரு விரலால் பிரேக்கை அழுத்தினேன். நின்றது. சறுக்காமல், சத்தமில்லாமல், நான் நினைத்த இடத்திலேயே நின்றது. குழிக்குள் இறங்கும்போது ஹேண்டில் என்னைத் தூக்கி எறியப் பார்க்கவில்லை. நான் நிமிர்ந்தும் இல்லை, குனிந்தும் இல்லை. உடம்பின் பாரம் எங்கே விழ வேண்டும் என்று யாரோ இருந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். பெயர் பொய் இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவை இன்றைக்கும் மாற்றவில்லை.

ஆயித்தியமலைப் பாதையில்

2023 கச்சான் காற்றுக் காலம். ஆயித்தியமலை தாண்டி உள்ளே ஒரு வயல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதையில் காய்ந்த கொப்பு ஒன்று கிடந்தது. முன்சக்கரம் அதை மிதித்ததும் மறுமுனை எழும்பிப் பின்சக்கரத்துக்குள் போனது. டக் என்று ஒரு சத்தம், பெடல் இறுகியது, நின்றுவிட்டேன். இறங்கிப் பார்த்தால், செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிக்கொடுக்கும் பின் கியர், பிரேமை விட்டுக் கழன்று செயினில் தொங்கிக்கொண்டிருந்தது. கியருக்கு ஒன்றும் இல்லை. பிரேமுக்கும் ஒன்றும் இல்லை. இரண்டையும் இணைத்திருந்த ஒரு சின்ன அலுமினியத் துண்டு, அரை விரல் நீளம்கூட இல்லை, நடுவால் இரண்டாக உடைந்திருந்தது. ஹேங்கர் என்பது அதன் பெயர். வெயிலில் தள்ளிக்கொண்டு நடந்து, கடைசியில் நெல்மூட்டை ஏற்றி வந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றின் பெட்டியில் சைக்கிளையும் போட்டு வவுணதீவு வந்து சேர்ந்தேன்.

ஒரு சின்னத் துண்டுதானே, வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். மட்டக்களப்பு டவுனில் கேட்ட எல்லாக் கடையிலும் துண்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, திருப்பித் தந்தார்கள். கொழும்புக்கு எடுத்துக் கேட்டேன். எதிர்ப்பக்கம் மரியாதையாகத்தான் பேசினார்கள். மொடல் இலக்கம் கேட்டார்கள், வருடம் கேட்டார்கள், வாங்கிய ரசீது கேட்டார்கள். ரசீது சுவிசில் அண்ணாவின் பெயரில். பிரேமுக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று அந்தக் கொம்பனி எழுதியிருக்கிறதே என்றேன். அது முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்றார்கள். பெரிய கொம்பனிகள் பலவற்றிலும் இதுதான் விதி என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மொடலுக்கான ஹேங்கர் தங்களிடம் இல்லை, கொம்பனியே இப்போது செய்கிறதோ தெரியாது என்றும் சொன்னார்கள். வெளிநாட்டுக் கடை ஒன்றில் படம் கிடைத்தது. துண்டின் விலையைவிட அனுப்பும் செலவு கூட. அதுவும் எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெற்றோல் வரிசை அதற்குள் ஒருவாறு முடிந்திருந்ததால் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பெயர்பெற்ற சைக்கிள் ஒரு மாதத்துக்கு மேல் சுவரில் சாய்ந்து நின்றது. மீன் பெட்டி கட்டிய பழைய சைக்கிள்கள் ஒவ்வொரு காலையும் எங்கள் ஒழுங்கையால் மணி அடித்துக்கொண்டு போயின.

பிளக்கும் புரியும்

நாவற்குடாவில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. வேப்பமரத்தடியில் தகரக் கொட்டில், வாசலில் காற்றடிக்கும் பம்ப், ஒரு வைஸ், ரியூப் அமிழ்த்திப் பார்க்கும் தண்ணீர்ச் சட்டி. அறுபது தாண்டிய ஒரு அண்ணன். என் அப்பாவின் றலி சைக்கிளைப் பூட்டிக் கழற்றியவர். அவரிடம் ஏன் முதலிலேயே போகவில்லை என்பதை இப்போது யோசித்தால் மனதுக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தச் சைக்கிள் அவருக்குப் புரியாது என்று என்னையறியாமல் நானே முடிவு செய்திருக்கிறேன்.

உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இத ஏன் பிரேமோட சேத்து வெல்டு பண்ணாம தனியாப் பூட்டி வெச்சிருக்கான்?" என்றார். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே அவரே சொன்னார். "உடையட்டுமெண்டுதான் வெச்சிருக்கான். இது உடையாட்டி அந்த அடிக்கு பிரேம் போயிருக்கும். நல்ல மூள." அடுத்துக் கேட்டது இன்னும் முக்கியமான கேள்வி. "உடைய வெச்சவன் இன்னொண்டும் சேத்துத் தந்திருக்கணுமே, தரல்லயா?"

ஓட்டையின் புரியை நகத்தால் தடவிப் பார்த்தார். நெருக்கமான புரி. சாதாரண பத்து மில்லி நட்டுக்கான புரி அல்ல என்றார். தன் டப்பாவில் இருந்த போல்ட் நாலைந்தை விட்டுப் பார்த்தார், ஒன்றும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்து மோட்டார் சைக்கிள் கராஜுக்குப் போய் எதையோ கையில் பொத்திக்கொண்டு வந்தார். பழைய ஹொண்டா 90-இன் பிளக். கரி பிடித்த, முனை தேய்ந்த ஸ்பார்க் பிளக். அதை உடைந்த ஹேங்கரின் ஓட்டையில் வைத்து விரலால் திருப்பினார். ஏறியது. இறுக்கமும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஒவ்வொரு புரியாக, வெண்ணெயில் போவதுபோல உள்ளே போனது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து மில்லிமீற்றர் விட்டம், புரிக்குப் புரி ஒரு மில்லிமீற்றர். சின்ன ஹொண்டாக்களின் பிளக்கும், உலகத்து மவுண்டன் பைக்குகளின் பின் கியர் போல்டும் ஒரே புரி. கியர் செய்கிற ஷிமானோவும் ஸ்ராமும் எதிரெதிர்க் கொம்பனிகள்தான், ஆனால் இந்த ஒரு புரியில் இரண்டும் ஒரே அளவைத்தான் வைத்திருக்கின்றன. ஹேங்கரின் வெளி வடிவத்தை மட்டும் ஒவ்வொரு பிரேம்காரனும் தன் இஷ்டத்துக்கு வெட்டிவைத்திருக்கிறான். எங்கள் ஊரில் ஹொண்டா 50-உம் 90-உம் ஓடாத ஒழுங்கை இல்லை. ஆகவே பிளக் ஓட்டையின் புரி போனால் திரும்ப வெட்டும் கருவியும் பக்கத்துக் கராஜில் இருந்தது.

மிச்சம் இரண்டு பின்னேர வேலை. படகு எஞ்சின் திருத்துகிற ஒருவரிடமிருந்து கனத்த அலுமினியத் துண்டொன்று வந்தது. உடைந்த ஹேங்கரை அதன்மேல் வைத்து ஆணியால் கோடு கீறினார். வாளால் அறுத்து, வைஸில் பிடித்து, அரத்தால் ராவத் தொடங்கினார். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை அரத்தின் பல்லுக்குள் அடைந்த அலுமினியத் தூளைக் கம்பித் தூரிகையால் தட்டிவிடுவார். ஒன்பது மில்லி துளை போட்டார். புரி வெட்டும்போது மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு, திரும்பவும் அரைச் சுற்று. "அலுமினியம் அவசரப்பட்டா அப்பிடிச்சிக்கும்" என்றார். பூட்டிய பிறகு அது நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குரிய கருவி அவரிடம் இல்லை. கடையில் கிடந்த வேறொரு கியர் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் அச்சை அப்படியே ஹேங்கரின் ஓட்டைக்குள் திருகினார். அந்த அச்சும் அதே புரிதான். இப்போது இரண்டு சக்கரங்கள் பக்கம் பக்கமாக நின்றன. ஒரு கண்ணை மூடி, மேலேயும் கீழேயும் முன்னேயும் பின்னேயும் இரண்டு ரிம்முக்கும் இடையிலான தூரத்தைக் கம்பி ஒன்றால் அளந்து, மெதுவாக நெம்பி நேராக்கினார். சின்னப் பல்லில் இருந்து பெரிய பல்வரைக்கும் செயின் ஏறி இறங்கியது. ஒரே ஒரு பல்லில் மட்டும் லேசாக டிக் டிக் என்றது, இன்றைக்கும் அப்படித்தான். ஒன்றுக்கு இரண்டாகச் செய்து, மற்றதைக் கடதாசியில் சுற்றித் தந்தார். அது என் சீட்டுக்குக் கீழே பையில் இருக்கிறது.

பெயருக்குள் யார் இருக்கிறார்கள்

அதற்குப் பிறகு இந்தப் பெயர்களைப் பற்றி நிறைய வாசித்தேன். வாசிக்க வாசிக்க அண்ணனின் கொட்டில்தான் மனதில் வந்தது. மவுண்டன் பைக் பிறந்ததே அப்படி ஒரு கொட்டிலில்தான். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் ஜோ பிரீஸ், கேரி பிஷர், சார்லி கெலி போன்ற இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மோட்டார் சைக்கிள் பாகங்களை மாட்டி மலையிறக்கத்தில் ஓடினார்கள். 1976-ல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து, உள்ளே பிரேக் இருந்த பின் ஹப்பின் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கழற்றித் திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலையின் பெயரே பந்தயத்தின் பெயராகிவிட்டது. 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே தன் கையால் ஒரு பிரேம் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் கொம்பனி ஸ்டம்ப்ஜம்பரை ஜப்பானில் செய்வித்துக் கொண்டுவந்தபோது, கையால் செய்ததைக் கடையில் வாங்கும் காலம் தொடங்கியது. அந்த மரின் இளைஞர்கள் நாவற்குடாவுக்கு வந்திருந்தால் அண்ணனோடு வைஸுக்குப் பக்கத்தில்தான் குந்தியிருப்பார்கள். அவர்களுக்கும் அவருக்கும் பாஷை மட்டும்தான் வேறு.

இப்போது பெயர் ஓரிடம், செய்கிற கை வேறிடம். ஜயன்டும் மெரிடாவும் 1972-ல் தைவானில் தொடங்கியவை. ஜயன்ட் வளர்ந்ததே ஷ்வின் போன்ற அமெரிக்கப் பெயர்களுக்குச் செய்துகொடுத்துத்தான். மெரிடா 2001-ல் ஸ்பெஷலைஸ்டில் பெரிய பங்கொன்றை வாங்கியது, அவர்களுக்குச் சைக்கிள் செய்தும் கொடுக்கிறது. சான்டா குரூஸை 2015-ல் வாங்கிய பொன் என்ற ஒல்லாந்து நிறுவனம், பிறகு கனொன்டேல், ஜிடி, ஷ்வின் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிட்டது. இதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தைவான் கைகள் திறமான கைகள். ஆனால் என் மருமகன் ஒரு பெயருக்கு இலட்சக்கணக்கில் கொடுக்கும்போது, அந்தப் பெயர் உண்மையில் பெரும்பாலும் பிரேமின் மேல்தான் இருக்கிறது என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். கியர் ஷிமானோவினது அல்லது ஸ்ராமினது. ஷொக் ரொக்‌ஷொக்ஸ் அல்லது பொக்ஸ். ரயரும் பலவற்றில் வேறொருவருடையது. இதே பாகங்கள் பெயரில்லாத பிரேமிலும் பூட்டப்பட்டு ஓடுகின்றன.

பெரிய பெயர் என்றால் பிழை வராது என்றும் இல்லை. 2015-ல் ட்ரெக் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சேர்த்துப் பத்து இலட்சத்துக்குக் கிட்டிய சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. முன்சக்கரத்தை இறுக்கும் நெம்பு அளவுக்கு மிஞ்சித் திறந்தால் டிஸ்க்கில் மாட்டிக்கொள்ளும் என்பதால். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிழையை ஒத்துக்கொண்டு புது நெம்பு கொடுத்தார்கள், பெயருக்கு அதுதான் மரியாதை. ஆனால் அந்த மரியாதை கடை இருக்கிற ஊரில்தான் கிடைக்கும். கப்பல் பெட்டிக்குள் வந்த சைக்கிளைத் தேடி அப்படி ஒரு கடிதம் கல்லடிக்கு வராது.

இன்னொன்று. ரொக்‌ஷொக்ஸ் தன் முன் ஷொக்குகளின் கீழ்க் குழாயை 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவு செய்து ஒயில் மாற்றச் சொல்கிறது. கிழமைக்கு ஒருநாள் மலைக்குப் போகிறவருக்கு அது சில மாதம். படுவான்கரையில் பால் சேர்க்கிற ஒருவர் காலையும் மாலையுமாக நாளுக்கு நாலு மணித்தியாலம் சைக்கிளில் இருப்பார். அவருக்கு அது பதின்மூன்று நாள். யாருடைய வாழ்க்கையை நினைத்து அந்தப் பொருள் செய்யப்பட்டது என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. பிரேக் ஒயிலிலும் இப்படித்தான். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஒயில் வேண்டும், அது இங்கே தேடித்தான் வாங்க வேண்டும். ஸ்ராம் பிரேக்குகளில் பல கார், வான்களுக்கு விடுகிற டொட் வகை பிரேக் ஒயிலில் ஓடுபவை, அது செங்கலடியில் கேட்டாலும் கிடைக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதை விட்டால் உள்ளே ரப்பர் கெட்டுவிடும். சைக்கிள் விற்பனைப் படங்களில் இதை யாரும் எழுதுவதில்லை. எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

இதையெல்லாம் அண்ணனிடம் ஒருநாள் சொன்னேன். அவர் றலியைப் பற்றிச் சொன்னார். நொட்டிங்காமில் செய்த அந்த றலியும் தனிப் புரிக்காரன்தானாம். மற்ற இங்கிலாந்துச் சைக்கிள்களில் பெடல் அச்சுக் கிண்ணத்துக்கு அங்குலத்துக்கு 24 புரி என்றால், றலிக்கு 26. ஒன்றின் கிண்ணம் மற்றதில் ஏறாது. "அப்ப எங்களுக்கு அது ஒரு கஷ்டமாத் தெரியல்ல தம்பி. றலிச் சாமான் இல்லாத கட இருந்திச்சா? காத்தான்குடியில கேட்டாலும் இருக்கும், கல்முனையில கேட்டாலும் இருக்கும்." அப்பாவின் றலி முப்பது வருடம் ஓடியது. அதற்குக் காரணம் இங்கிலாந்து இரும்பு என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இரும்பும் நல்ல இரும்புதான். ஆனால் அது ஓடியதற்குக் காரணம் காத்தான்குடிக் கடையின் இறாக்கையில் இருந்த கிண்ணமும் போல்ஸும், அதைப் பூட்டத் தெரிந்த இந்தக் கையும். அப்பா அந்தச் சைக்கிளை ஒருநாளும் பெயர்பெற்ற சைக்கிள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது வெறும் சைக்கிள்.

மருமகனிடம் கடைசியில் இவ்வளவையும் சொல்லவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு நாவற்குடாவுக்குப் போனேன். எங்கே ஓடப்போகிறாய் என்று அண்ணன் கேட்டார். கிரானால் இறங்கிப் புலிபாய்ந்தகல் தாண்டிக் குடும்பிமலைவரை போக வேண்டும் என்றான். மழைக்காலத்தில் அந்த வீதி வெள்ளத்துக்குள் போய் ஆட்கள் வள்ளத்தில் கடப்பது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவன் போனில் காட்டிய படங்களை அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விலையைக் கேட்கவில்லை. பெடல் அச்சு திருகிப் பூட்டுவதா, அடித்து இறுக்குவதா என்று கேட்டார். ஹேங்கரைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். எந்தக் கொம்பனியும் தன் பிரேமை அதற்கேற்றபடி செய்தால் பொருந்தும் ஒரே ஹேங்கர் ஒன்றை ஸ்ராம் 2019-ல் கொண்டுவந்ததையும், பல கொம்பனிகள் இப்போது அதை ஏற்றுக்கொண்டிருப்பதையும் சொன்னேன். "நல்லம். அப்ப பெரிய ஆக்களுக்கும் விளங்கியிருக்கு" என்றார்.

நடுத்தர விலையில் ஒன்றை இருவரும் சேர்ந்து தெரிந்தார்கள். பெயர் உள்ள கொம்பனிதான், ஆனால் பெடல் அச்சு திருகிப் பூட்டுவது, சக்கர அச்சு பழைய அளவு, ஷொக்கில் சுருள் கம்பி; எல்லாம் அண்ணனின் கொட்டிலில் கழற்றிப் பூட்டக்கூடியவை. மருமகன் கொழும்புக் கடைக்குப் போன் எடுத்து, நிறத்தைப் பற்றிக் கேட்கும் முன் ஹேங்கர் இரண்டு மேலதிகமாக அனுப்ப முடியுமா என்று கேட்டான். எதிர்ப்பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அது வந்த பிறகுதான் காசு போடுவதாகச் சொல்லிவிட்டான். இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். பின்னேரம் வந்து என் சைக்கிளை வாங்கிக்கொண்டு வலையிறவுப் பாலம்வரை ஓடிவிட்டு வருகிறான்.